ஐந்து பேர் போதும்

"லண்டன்ல என்னம்மா சேதி?" என்றார் தேவசிகாமணி.

"ஜெர்மன் சண்டையை நடத்த இனிமே அஞ்சே மந்திரிமாருதானாம், ஐயா," என்றாள் இங்கிலீஷ் பத்திரிகை படித்துச் சொன்ன ஞானசௌந்தரி.

"முந்தி எத்தனை பேரு?"

"இருபத்திமூணு."

"அம்புட்டு பேரும் பேசி முடிக்கதுக்குள்ள எதிரி ஊரைப் பிடிச்சிர மாட்டானா? நான் அன்னைக்கே சொன்னேன்!"

யாரிடம் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

வாசகரே, இவர்தான் வீட்டிலிருந்தே யுத்தம் நடத்துகிறவர். காப்பி ஆறுவதற்குள் கப்பற்படையைத் திருப்பி, தாமிரபரணியில் குளிக்கப் போகிற வழியில் இரண்டு தளபதிகளை வேலையை விட்டு நீக்கி, ஈரத் துண்டோடு பிரான்சு தேசத்தை மீட்டுவிடுவார். பூட்டிய அறையில் கிடக்கிற ஒரு பெட்டியைத் தபாலில் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்!

பாளையங்கோட்டைச் சண்டை உதவிக் கமிட்டியின் பெட்டி அது. தலைவர் அவரே, அங்கத்தினர் பதினேழு பேர், நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவள் ஞானசௌந்தரி. பெட்டிக்குள் பெண்கள் பின்னிய கம்பளிச் சட்டைகள். பஸ்ராவில் படைக் குமாஸ்தாவாக இருந்த அவள் தம்பி ஜெபசீலன், "குளிர் தாங்கல அக்கா, நம்மூர்ப் பையன்கள் பதினாலு பேரும் நடுங்குதோம்" என்று எழுதியிருந்தான்.

முதல் கூட்டம் ஜெபத்தோடு தொடங்கி, பெட்டியைத் தூத்துக்குடி வழியாக அனுப்புவதா பம்பாய் வழியாகவா என்று வாதாடி, ஜெபத்தோடு முடிந்தது. அடுத்ததில் அங்கத்தினர் கிருபைராஜ் எழுந்தார்.

"தலைவரே, லண்டன் மாதிரி நாமளும் அஞ்சு பேராக் குறைஞ்சா என்னவே?"

பலத்த கைதட்டல். எந்த ஐந்து பேர்? அதற்கு இன்னும் இரண்டு சனிக்கிழமை போயிற்று. ஐவரும் கூடிச் செய்த முதல் தீர்மானம்: மற்றப் பன்னிரண்டு பேரையும் கலந்துகொள்வது.

"இல்லேன்னா அவங்க மனசு நோகும்லா?" என்றார் தேவசிகாமணி.

குறிப்பில் அதை எழுதி முடித்த ஞானசௌந்தரி, மேஜைமேல் கிடந்த அறைச் சாவியை எடுத்தாள். ஐவரும் கண்மூடி முடிவு ஜெபம் செய்துகொண்டிருக்கையில் பெட்டி தபாலாபீசுக்குப் போய்விட்டது.

மார்ச் மாதம் ஜெபசீலன் கடிதம் வந்தது: சட்டைகள் சேர்ந்தன, பதினாலு பேரும் சுகம். அவள் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தாள்.

"பாத்தீரா வே! அஞ்சு பேராக் குறைச்சதும் வேலை எப்படி நடக்கு!" என்று கிருபைராஜின் முதுகில் தட்டினார் தலைவர்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் கடைசியாகத் தலைமை வகித்த கூட்டத்தில் வேலையை முடித்தது யார் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.

எல்லோரும் போன பிறகு தேவசிகாமணி அவளருகே வந்து, பைய, மிக மரியாதையாகக் கேட்டார்: "எம்மா, பெட்டி போன நாளுக்கு முந்தின தேதி போட்டு, அதை அனுப்பச் சொல்லி ஒரு தீர்மானம் எழுதி வச்சிருதியா?"