பாபகூரா கௌளீஸ்வரர் மஞ்சளானார்

ஆக்லாந்துக்கு வந்த நம்முடைய சனத்துக்கு எல்லாம் கிடைத்தது. வீசா கிடைத்தது, வேலை கிடைத்தது, தலைக்கு மேல் மோர்ட்கேஜும் கிடைத்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. வீட்டுச் சுவரில் பல்லி இல்லை! ஊரில் ஒரு நல்ல காரியம் பேச வாயெடுத்தால் முகட்டிலிருந்து அது 'இச் இச்' என்று சொல்லும். விரலால் நிலத்தைத் தட்டிவிட்டுக் காரியத்தை முடிவாக்கலாம். இங்கே சத்தம் போடுவது ஹீட்டர் ஒன்றுதான். ஹீட்டர் சத்தத்துக்கு எவரும் சாஸ்திரம் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பெருங்குறையைத் தீர்க்கத்தான் 1996ஆம் ஆண்டு குளிர்காலத்தில், பாபகூராவில், ஒரு கராஜுக்குள் அவதரித்தார் கௌளிச் சித்தர். பூர்வாசிரமப் பெயர் செல்வராஜ். பூர்வாசிரமத் தொழில் மின்சாரக் கம்பளி விற்பது. அவரிடம் ஒரு பல்லி இருந்தது. சாண் நீளம், கொழுத்த வால், உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி. பெயர் கௌளீஸ்வரர்; கௌளி என்றாலும் பல்லிதான். ஊர்ப் பல்லி வாயால் சொல்லும். இவர் நிறத்தால் சொல்வார். மஞ்சளானால் 'ஓம்'. கறுத்தால் 'இல்லை'.

சனிக்கிழமை காலையில் தெரு முழுக்கக் கார். பழைய சாமான் விற்பனையாக்கும் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் உள்ளே வந்து, பித்தளைத் தட்டுக்கு விலை கேட்டுவிட்டுப் போனார். வந்தவர்களில் விலை கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்காமலே கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிரில் கால் விறைக்க உட்கார்ந்திருந்தார் தியாகலிங்கம். ஆல்பனியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. கிழமைக்கு ஐந்து நாள் தெர்மாமீட்டரைக் கண்ணால் பார்த்தாலும் நம்பமாட்டார். மூன்று தரம் அளப்பார். ஆறாம் நாள் பல்லியை ஒரே தரத்தில் நம்பினார். மனிதனுக்கு ஓய்வு வேண்டாமா?

அவருடைய ஒரே மகள் கிருசாந்திக்கும் ஜனார்த்தனுக்கும் ஆவணியில் கலியாணம். இருவரும் விரும்பிய சம்பந்தம். சாதகம் பொருந்தி, மண்டபமும் எடுத்தாயிற்று. பல்லி சொல்வது ஒன்றுதான் பாக்கி.

"கௌளீஸ்வரரே, இந்தக் கலியாணத்துக்கு உத்தரவு உண்டா?" என்று சித்தர் கேட்டார். பல்லியைத் தட்டில் விட்டார். சனம் அரைமணி நேரம் தேவாரம் பாடியது. பல்லி கறுத்தது.

"தடை! பரிகாரம் செய்ய வேண்டும்."

தியாகலிங்கம் பரிகாரம் செய்தார். அடுத்த சனிக்கிழமை போனால், பல்லி கறுப்புமில்லை, மஞ்சளுமில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. சித்தரே ஒரு கணம் திகைத்துப் போனார். ஆனால் வியாபாரம் தெரிந்த மனிதரல்லவா?

"தெய்வகோபம்! கலியாணத்தை நிறுத்தும்!"

வீட்டுக்கு வந்ததும் தியாகலிங்கம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். கிருசாந்தி வயரைப் பிடுங்கினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அப்பா, என்ட வாழ்க்கையை ஒரு பல்லியோட கதைச்சு முடிவெடுக்கிறீங்களோ?"

"பிள்ளை, அது வெளுத்துப் போச்சு. என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்."

"ஒரு சனி மட்டும் பொறுங்கோ. நான் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

கூட்டிக்கொண்டு வந்தது சிநேகிதி லச்மியை. ஃபிஜியில் பிறந்தவள், த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்பவள். கையில் ஒரு பிளாஸ்க்கும், கம்பளி உறை போட்ட சுடுதண்ணிப் பையும். தட்டில் கிடந்தவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பனானா!"

கராஜ் அதிர்ந்தது. கௌளீஸ்வரரைப் பனானா என்பதா?

"நான்தாங்க பேர் வச்சேன். மார்ச்சுல இந்த ஐயாதான் வாங்கிட்டுப் போனார். ஏன் சாமி, முன்னாடி பாலும் பழமும் வச்சிருக்கீங்க? இது புழு தின்னுமே!"

"போன கிழமை ஏன் பிள்ளை வெளுத்தது?" தியாகலிங்கம் முன்னால் நகர்ந்து வந்து கேட்டார்.

"தோல் உரிக்கப் போகுதுன்னா வெளுக்கும் அங்கிள். உரிச்சுத் தின்னுட்டுப் புதுசா நிக்கும். பாருங்க, இப்ப பளிச்சுன்னு இருக்கில்ல? குளிர்ல விட்டா கறுக்கும். சூடு குடுத்தா வெளிச்சமா மஞ்சளாகும். அவ்வளவுதான்."

"அபசாரம்!" என்றார் சித்தர். சனமும் அபசாரம் என்றது. லச்மி சண்டைக்குப் போகவில்லை.

"சரி சாமி, நீங்களே கேளுங்க. போன தடவை கேட்ட அதே கேள்வி."

சித்தர் கேட்டார். தட்டு பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தது. தேவாரம் முடிய, பல்லி கறுத்தது. சித்தர் வெற்றியோடு சால்வையை உதறிப் போட்டார்.

லச்மி சுடுதண்ணிப் பையை நிரப்பித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இப்ப இதுமேல விட்டு இன்னொரு தடவை கேக்கலாமா?"

"கூடாது! கௌளீஸ்வரர் ஒருமுறைதான் சொல்வார்!"

அப்போதுதான் தியாகலிங்கத்துக்குள் தூங்கிக் கிடந்த ஆய்வுகூடக்காரர் கண் விழித்தார். ஒரே தரம் அளந்து எழுதுவதா? அவர் எழும்பி, இரண்டு கையாலும் பல்லியைத் தூக்கிப் பையின்மேல் வைத்தார்.

"அதே பல்லி, அதே கேள்வி. மாத்தினது இருக்கிற இடத்தை மட்டும். எல்லாரும் பாடுங்கோ!"

சனம் பாடியது. பாடப் பாடப் பல்லி சுகமாகக் கண்ணை மூடியது, கறுப்புக் கலைந்தது. அரைமணி நேரத்தில் கௌளீஸ்வரர் கனிந்த வாழைப்பழமாய்க் கிடந்தார்.

சித்தர் லேசுப்பட்டவரா? இருந்த இடத்திலேயே துள்ளினார். "பார்த்தீர்களா, பரிகாரம் பலித்துவிட்டது! உத்தரவு கிடைத்துவிட்டது!"

சனம் கைகூப்பியது. முன்வரிசையில் இருந்த யோகராணி அக்காவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிருசாந்தி தலையில் கைவைத்தாள். தியாகலிங்கம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"சந்தோசம் சாமி. சூட்டோட சூடா இன்னொரு கேள்வி." பல்லியின் பக்கம் குனிந்து, ஆய்வுகூடத்தில் இலக்கம் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "கௌளீஸ்வரரே, இந்தச் சித்தர் கள்ளனோ?"

பல்லி மஞ்சளாகவே கிடந்தது. இதற்குத் தேவாரம்கூடத் தேவைப்படவில்லை.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கராஜே சிரித்தது. பல்லி உண்மை சொல்கிறது என்றால் சித்தர் கள்ளன். பொய் சொல்கிறது என்றாலும் சித்தர் கள்ளன். எந்தப் பக்கம் ஓடுவது? இதற்கிடையில் லச்மி பித்தளைத் தட்டின் கீழிருந்த பட்டுத்துணியைத் தூக்கினாள். உள்ளே ஒரு மின்சாரச் சூட்டு மெத்தை. அதிலிருந்து ஒரு வயர் நேரே சித்தரின் வேட்டிக்குள் போய், கால் பெருவிரலுக்கடியில் ஒரு சுவிட்சில் முடிந்தது. பெரிய தட்சணைக்கு விரல் அழுத்தும். தட்சணை குறைந்த தியாகலிங்கம் போன்றவர்களுக்கு அழுத்தாது. லச்மி வயரைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா! இன்னும் வாரண்டி இருக்கு!" என்று அலறினார் சித்தர்.

ஆவணியில் கலியாணம் நன்றாக நடந்தது. பனானா இப்போது தியாகலிங்கம் வீட்டில். கண்ணாடிப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்து, தினமும் மூன்று தரம் அளக்கிறார். கலியாணப் பந்தியில் யோகராணி அக்கா அவர் காதோடு வந்து கேட்டார்.

"தம்பி, செல்வராஜ் கள்ளன்தான். ஓம். ஆனா பல்லி உண்மையைத்தானே சொன்னது? என்ட மகன்ட வீசாவையும் ஒருக்காக் கேளுங்கோவன். சுடுதண்ணிப் பை நானே கொண்டு வாறன்."

தியாகலிங்கம் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பனானாவின் தலையில் இருக்கும் மூளை கடுகளவு. அதுவே மாதத்துக்கு ஒருமுறை பழைய தோலை உரித்துத் தின்றுவிட்டுப் புதிதாக நடக்கிறது. நமக்கு அதைவிடப் பெரிய மூளை. நாம் எப்போது உரிக்கப் போகிறோம்?