காத்துவின் வியாழக்கிழமை

குளிரூட்டிய அறையில் ராஜா மாதிரி வீற்றிருந்த கம்ப்யூட்டரைக் கருவாட்டு வாசம் அடிக்க வைத்த பெருமை உலகத்திலேயே ஒருவனுக்குத்தான் உண்டு. எப்போதும் காற்றைப் பற்றியே பேசுவான் என்பதால் அவனுக்குக் காத்து என்று பெயர் வைத்தோம். அம்மா வைத்த பெயரை அவனே மறந்திருப்பான்.

எண்பதுகளில் சென்னைக் கல்லூரி ஒன்றில் நாங்கள் ஆராய்ச்சி மாணவர்கள். காத்து பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருவான். அட்டைகளில் துளை போட்டுக் கட்டுக் கட்டாக மிஷினுக்கு ஊட்ட வேண்டிய காலம் அது. அவன் கட்டு மட்டும் வலை நூலால் முடிச்சுப் போட்டு, மீன் கூடையில் வரும்.

அவன் கையில் சிக்கியது வெளிநாட்டுப் புரோகிராம் ஒன்று. புகை, வெயில், காற்று மூன்றையும் கொடுத்தால், புகை எங்கே போய் என்ன விஷமாக மாறும் என்று சொல்லும். எழுதியவர்கள் கடலே இல்லாத ஏதோ மலைநாட்டுக்காரர்கள். கடலோரம் வந்ததும் அதில் காற்றே தீர்ந்துவிடும்.

“கடலாண்ட ஒண்ணுமே இல்லன்னுதுபா. அப்ப எங்கண்ணன் தெனம் மீன் புடிக்க எங்க போய்ட்டு வர்றாரு?” என்று மிஷினையே கேட்டான். பிறகு கடற்காற்றை அவனே எழுதிச் சேர்த்தான். முதல் ஓட்டத்தில் ஓசோன் என்கிற விஷத்தின் அளவு சைபருக்குக் கீழே இறங்கியது. “இல்லாததே இன்னும் கொறஞ்சி போச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். மல்லாடி மல்லாடித்தான் அது அவன் சொல்பேச்சு கேட்டது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. குப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆலை வரவிருந்தது. காலையில் கடலுக்குப் போகிற புகை வெயிலில் வெந்து அமிலமாகி, மத்தியானக் காற்றில் குப்பத்துக்கே திரும்பும் என்று காட்டிவிட்டால், ஆலையை வேறிடத்துக்குத் தள்ளலாம். வெள்ளிக்கிழமை ஆலை பற்றி அரசாங்க விசாரணை. மிஷினில் ஆளுக்கு வாரம் ஒரு முறைதான்; காத்துவின் முறை வியாழன் மத்தியானம். அன்று பார்த்து மின்சாரம் போனது.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. அது என் முறை. “எடுத்துக்கோடா” என்றேன்.

“வேணாம்பா.”

ஏரியில் எந்த இடத்தில், யார், என்றைக்கு வலை போடுவது என்று அவர்கள் ஊரில் முறை உண்டு. பாடு என்பார்கள். “எம் பாட்டுல காத்தடிச்சிக் கெட்டா, அட்த்தவன் பாட்டுல போயி வல போட்றதா?”

“ஊரே சாகப்போகுது, நியாயம் பேசறியே!”

“அந்த நாயம்தாம்பா ஊரு. அத்த வுட்டுட்டு இன்னாத்த காப்பாத்தறது?” கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன்.

விசாரணையில் வெறுங்கையோடு நின்று பேசினான். அத்தாட்சி எங்கே என்றார்கள். அடுத்த வியாழன் மிஷின் அவன் சொன்னதையே சொன்னது. அதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. புகைபோக்கி எழுந்தது.

அதன் பிறகும் வியாழன் தவறாமல் வந்தான், இருமிக்கொண்டே. “புரோகிராம் சரியா வருதா?” என்று கேட்டால், “கரீட்டா வருதுபா. மூணு மணிக்கி இருமல்னுது. மூணு மணிக்கி இருமறோம்” என்பான். சிரிப்போம். அவன் அண்ணன் செத்த வாரமும் அதையேதான் சொன்னான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான். அட்டைக் கட்டோடு அவன் கூடை மிஷின் அறையிலேயே கிடந்தது.

அடுத்த வியாழன் மத்தியானம், அவன் நேரம் வந்தபோது, ஆளாளுக்கு அட்டைக் கட்டோடு நின்றோம். யாரும் முன்னே போகவில்லை. நான் வலை நூல் முடிச்சை அவிழ்த்து அவன் அட்டைகளைப் போட்டேன். அறையெல்லாம் கருவாட்டு வாசம். அந்த மிஷினைக் கழற்றிக்கொண்டு போகும்வரை வியாழன் மத்தியானத்தில் வேறு யார் அட்டையும் ஓடவில்லை. அது காத்துவின் பாடு.