இருபத்தேழாம் நம்பர் தட்டில் ஒரு பொட்டு

படூர்,
பிப்ரவரி 3, செவ்வாய் மதியம்.

மிகுந்த மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் ஹரிப்ரியா வணங்கி எழுதுவது. இங்கே நான், பிரவின், மாமியார், ஒன்பது மாதத்து விஷாகா நாலு பேரும் கடவுள் புண்ணியத்தில் நலம். புனேயில் நீங்களும் உங்கள் புது முழங்காலும் ஜெயந்த் அண்ணன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். உங்களுடைய நாற்பத்தொரு இசைத்தட்டுகளில் நாற்பது நலம்.

இந்தக் கடிதத்தை நான்கு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வாட்ஸப்பில் "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பீர்கள், பிள்ளைகள் என்றால் தட்டுகள் என்று எனக்குத் தெரியும், நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். நேற்று நீங்கள் "பதினைந்தாம் தேதி நேராக உன் வீட்டுக்கு வந்து பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துக்கொண்டு போகிறேன்" என்று அனுப்பியதைப் பார்த்ததும், இனிமேல் கட்டை விரலால் ஆகாது, முழுக் கையும் வேண்டும் என்று புரிந்தது. அதனால்தான் காகிதம். கோபம் வந்தால் கிழித்துப் போடவும் வசதி.

ஆடி மாதம் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது, ஆளில்லாத வீட்டில் கடல் காற்று தட்டுகளைத் தின்றுவிடும் என்று நாற்பத்தொன்றையும் ப்ளேயரோடு கொண்டுவந்து எங்கள் ஃப்ளாட்டில் இறக்கினீர்கள் அல்லவா? கூடவே எட்டு விதிகள் எழுதிய ஒரு தாளும் கொடுத்தீர்கள். இரண்டு கையாலும் தூக்கு, ஓரத்தை மட்டும் பிடி, விரலால் அழுத்தாதே, வெயில் படும் ஜன்னல் பக்கம் வைக்காதே, அந்நியர் கையில் கொடுக்காதே. பெரியப்பா, பிறந்து இரண்டே மாதமான குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. எம்.எஸ்ஸி. படிப்பு உதவவில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகம் உதவவில்லை, உங்கள் தாள்தான் உதவியது. அதில் ஒரே ஒரு விதிதான் குழந்தைக்குப் பொருந்தவில்லை: உபயோகித்ததும் உறையில் போட்டு அலமாரியில் வை. எட்டாவது விதி மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை: "27ஆம் நம்பர் தட்டின் நடுவட்டத்தைத் துடைக்கவே கூடாது." மற்ற ஏழுக்கும் காரணம் எழுதிய நீங்கள் இதற்கு எழுதவில்லை.

விஷாகா தூங்கமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் தாலாட்டுப் பாடினால் அழுகை கூடும். பிரவினோ மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் காலை ஆறு மணிக்குப் போய்ச் சாயங்காலம் பாதி உயிரோடு வருகிறவர், அவர் பாடினால் அவரே தூங்கிவிடுவார். அப்போதுதான் ஒரு நாள், கேட்பதற்குத் தடை இல்லையே என்று உங்கள் தாளை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, 11ஆம் நம்பரைப் போட்டேன். நீல உறை, கண்ணை மூடி சாக்ஸபோன் ஊதுகிறவர், ஜாஸ். ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி. வீட்டு வேலைக்கு வரும் வேண்டா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் கேட்டாள். "இன்னாக்கா இவுரு, தொலைச்ச பொருளை வூடு பூரா தேடிக்கினே கீறாரு, கெடைக்கவே இல்லியா?" என்றாள். விஷாகாவும் அவரோடு சேர்ந்து தேட ஆரம்பித்தாள், தூக்கம் வரவில்லை. மறுநாள் 19ஆம் நம்பர், மடிப்பு மடிப்பாகச் சட்டை போட்டு வேர்த்து வழியும் பாடகர், ஸோல் என்று அமெரிக்காவில் உருகி உருகிப் பாடுவார்களே, அந்த வகை. நன்றாகத்தான் ஆரம்பித்தார், நடுவில் திடீரென்று ஒரு கத்தல் கத்தினார் பாருங்கள், தரைத்தளத்து நரசிம்மன் சார், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மூன்று மாடி ஓடி வந்து "யாருக்கும்மா ஷாக் அடிச்சிது? மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று கதவைத் தட்டினார். பாட்டு சார் என்றேன். "பாட்டா? இவ்வளவு வலியோட எதுக்கும்மா பாடணும், ஓய்வெடுக்கலாமே" என்று மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கிப் போனார்.

மூன்றாவதாகத்தான் 27. மஞ்சள் உறை, செருப்பில்லாமல் மணலில் நடக்கிற பெண், பிரேசில், பின்னால் பொடி எழுத்தில் 1968. அந்த அம்மா பாடுகிறாளா, பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடப் போகிறாரே என்று மெதுவாகப் பேசுகிறாளா என்றே தெரியவில்லை. என் மாமியார் "பாவம், சளி கட்டிக்கினு கீது போல, மிளகு ரசம் வெச்சிக் குடுக்க ஆளில்லியா" என்றார். ஆனால் விஷாகா அழுகையை நிறுத்தினாள் பெரியப்பா! கண் சொருகியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பதினெட்டாவது நிமிஷம் பக்கம் முடிந்தது, ஊசி எழுந்தது, அவளும் எழுந்தாள். இப்படியே ஆவணி, புரட்டாசி. நாளுக்கு நாலு தடவை பதினெட்டுப் பதினெட்டு நிமிஷமாகத் தூக்கம். திருப்பிப் போடுவேன், எழுவாள், திருப்பிப் போடுவேன்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். சரஸ்வதி பூஜையன்று நான் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரி போயிருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார். பிரவினின் இன்ஜினியரிங் புத்தகங்கள், என் லேப்டாப், விஷாகாவின் துணிப் புத்தகம். சங்கீதமும் சரஸ்வதிதானே என்று உங்கள் தட்டுகளையும் எடுத்திருக்கிறார். உறைகளைப் பார்த்தாராம். ஒன்றில் அரைகுறை ஆடை, ஒன்றில் சுருட்டு, ஒன்றில் தாடிக்காரர் நாக்கை நீட்டிக்கொண்டு. "இத்தப் போயி எப்பிடிம்மா சாமி முன்னாடி வெக்கிறது? பொண்டுங்க பொழங்குற வூடு" என்று நாற்பத்தொன்றையும் உறையிலிருந்து உருவி, வெறும் தட்டுகளை மனையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமமும் இட்டுவிட்டார். நான் வந்ததும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல வேளை, நாற்பதுக்கும் நடுவட்டத்துக் காகிதத்தில்தான் பொட்டு, பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 27க்கு மட்டும் கறுப்புப் பாகத்தில், கோடுகளின் மேல், எட்டணாக் காசு அகலத்துக்கு. இதற்கு மட்டும் ஏன் அத்தை இடம் மாற்றி வைத்தீர்கள் என்று கேட்டேன். "காரணம் இல்லாம வெப்பனா?" என்றார். அதோடு சரி.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்தே ஆகவேண்டும் என்பதும் அத்தையின் சட்டம். புத்தகம் ஒரு வரியாவது படிக்கணும், தட்டு ஒரு பாட்டாவது பாடணும். காய்ந்து கெட்டியாகிவிட்ட சந்தனத்தோடு 27ஐப் போட்டேன். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டில் பாதி, அங்கே ஊசி பொட்டில் முட்டிப் பின்னால் குதித்தது. அந்த அம்மா சொன்ன வரியையே சொன்னாள். மறுபடி முட்டியது, மறுபடி அதே வரி. நான் அழ ஆரம்பித்தேன். விஷாகா அழவில்லை. சுற்றிச் சுற்றி வரும் சிவப்புப் பொட்டையே கண்ணால் துரத்திக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் தூங்கிப் போனாள். பக்கம் முடிந்தால்தானே பெரியப்பா எழுவாள்? பக்கம்தான் முடியவே இல்லையே! அன்று இரண்டே கால் மணி நேரம் தூங்கினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நான் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன். வத்தக்குழம்பு.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். இதை எழுதும்போதும் அடுத்த அறையில் அந்த அம்மா அதே வரியில்தான் நிற்கிறாள். இந்தக் காலத்தில் இணையத்திலேயே எல்லாம் கிடைக்குமே என்பீர்கள், போட்டுப் பார்த்தோம். மாட்டிக்கொள்ளவேண்டிய இடம் வரும்போது விஷாகா தயாராக இருப்பாள், பாட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும், ஏமாற்றிவிட்டாயே என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயைத் திறப்பாள். ஃபோனில் பதிவு செய்தும் பார்த்தோம், பொட்டு சுற்றுவதைக் காணாமல் கண் மூடமாட்டேன் என்கிறாள். ஒரே வரியைக் கேட்டு வளர்ந்தால் பேச்சு வருவது தாமதமாகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "குழந்தை நல்லா இருக்கு, நீங்க தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நரசிம்மன் சார் முதலில் புகார் எழுதினார். பிறகு லிஃப்ட்டில் அந்த வரியை அவரே முணுமுணுப்பதைப் பிரவின் கேட்டார். தை பிறந்ததும் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட அச்சரப்பாக்கம் போனோம், ப்ளேயரை வீட்டை விட்டு வெளியே எடுக்காதே என்கிற உங்கள் ஏழாம் விதி இடம் கொடுக்கவில்லை. மொட்டை அடித்த கோபத்தில் விஷாகா அழுதாள் அழுதாள், பூசாரியே மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். பிரவின் நரசிம்மன் சாருக்கு ஃபோன் போட்டு, வீட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது, ஒரு உதவி என்றார். கொஞ்ச நேரத்தில் வீடியோவில் அவர் முகம். "ஊசி வெச்சாச்சு... ரெண்டாவது பாட்டு ஓடுது... இருங்க, இருங்க... மாட்டிக்கிச்சும்மா!" என்று ராக்கெட் விட்ட மாதிரி சந்தோஷப்பட்டார். ஃபோனைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். வேப்பமரத்தடியில் மொட்டைத் தலையோடு என் மகள் தூங்கினாள். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓரத்தை மட்டும்தான் பிடித்தாராம்.

துடைக்கத் தெரியாமல் நான் விடவில்லை பெரியப்பா, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். துடைக்க மனசு வரவில்லை. 1978இல் மாமல்லபுரத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஊர் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் உங்களிடம் விட்டுப் போனவை இவை என்றும், பெரியம்மாவுக்கு அதில் பிடித்தது இந்த ஒன்றுதான் என்றும் எனக்குத் தெரியும். அவர் காலமான பிறகு இந்த இரண்டு வருஷமாக நீங்கள் இதைப் போடவே இல்லை என்பதும் தெரியும். தெரிந்தே என் மகள் தூக்கத்துக்காக உங்கள் தட்டை மாட்டவிட்டு வைத்திருக்கிறேன். எத்தனை திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு வேண்டுகோள்: நாற்பதையும் எடுத்துப் போங்கள், 27ஐ மட்டும் பொட்டோடு, விஷாகாவுக்கு ஒரு வயது ஆகும்வரை எங்களிடம் விட்டு வையுங்கள். அப்புறம் நானே துடைத்துக் கொண்டுவந்து காலில் விழுகிறேன்.

முழங்காலை அதிகம் மடக்கவேண்டாம். ஜெயந்த் அண்ணனுக்கும் அண்ணிக்கும் எங்கள் அன்பு. அத்தை உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார், மன்னிப்பு சொல்லச் சொல்லவில்லை. விஷாகா தூங்குவதால் அவள் சார்பில் முத்தம் நானே போடுகிறேன்.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
ஹரிப்ரியா

பின்குறிப்பு (புதன் காலை): கடிதத்தைப் பிரவினிடம் தபாலில் போடக் கொடுக்க மறந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று நான் எழுதும்போது மூக்கைச் சிந்தியதை வேண்டா பார்த்துவிட்டாள். இன்று நான் குளித்து வருவதற்குள் குழந்தைக்கு வைத்திருந்த ஈரத் துணியால் பொட்டைச் சுத்தமாக எடுத்துவிட்டாள். "தெனம் வாசல்ல கோலம் போடுற கைக்கா இது, கோட்டோடவே போய்த் தொடச்சேன், ஒரு கீறல் இல்ல. இத்துக்கா நாலு மாசமா அழுதுகினு கீற?" உண்மைதான், தட்டு புதுசு மாதிரி இருக்கிறது. மூன்றாம் பாட்டு வழுக்கிக்கொண்டு நான்காம் பாட்டுக்குப் போய்விட்டது. விஷாகா எழுந்து உட்கார்ந்தவள் இன்னும் படுக்கவில்லை. நரசிம்மன் சார் கீழேயிருந்து ஃபோன் செய்து "என்னம்மா, பாட்டு மேல போவுது, ஏதாவது ரிப்பேரா?" என்று கேட்கிறார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் ரத்து செய்துகொள்ளவும்.

நடுவட்டத்தை வேண்டா தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதுல பழைய பொட்டு ஒண்ணு கீதுக்கா. யாரோ எப்பவோ வெச்சது. அத்தத் தொடக்கூடாதுன்னு வுட்டுட்டேன்" என்றாள். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார். "அதான் நான் பக்கத்துல வெச்சேன். ஒருத்தங்க வெச்ச பொட்டு மேல இன்னொருத்தங்க வெக்கலாமா? நாப்பத்தொண்ணுல இதுக்கு மட்டும்தான் ஏற்கெனவே பூசை நடந்திருக்குது." ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். காகிதத்தில் ஊறி, பழுப்பாகி, ஒரு சின்ன வட்டம். மோதிர விரல் அளவு. உங்கள் எட்டாம் விதிக்கு இனிமேல் காரணம் எழுதவேண்டாம் பெரியப்பா.

அத்தை சந்தனம் குழைத்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எங்கே வைத்தால் மூன்றாம் பாட்டில் பாதியில் முட்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாட்டை எங்களைவிட அதிகமாகக் கேட்டவர் நீங்கள். தட்டை எடுத்துப் போக வருவதாக இருந்தால் பதினைந்தாம் தேதியே வாருங்கள். பெரியம்மா பொட்டுக்குப் பக்கத்தில் இடம் காட்ட வருவதாக இருந்தால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ரயில் ஏறுங்கள். இங்கே யாரும் தூங்கவில்லை.