நான்கு அறைகளும் ஒரு நடைபாதையும்

"எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்காதடீ. வெங்காய வாடை பாலுக்கு ஏறிடும்!"

லிஃப்டில் ஒரு பெண் தன் தங்கைக்கு போனில் சொன்ன ஃப்ரிட்ஜ் ரகசியம் இது. பக்கத்தில் நின்ற நகர ஆணையரின் காதிலும் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார்கள். ஆணையரோ காதில் விழுந்ததையெல்லாம் கோப்பில் போடுகிறவர்.

மாலைக்குள் ஆணை பிறந்துவிட்டது. "அரசு, பொருளாதாரம், பண்பாடு, சமயம் ஆகிய நான்கும் ஒன்றின்மேல் ஒன்று வாடை வீசாதிருக்கும் பொருட்டு" நகர மன்றத்தின் பெரிய கூடம் ஜன்னலில்லாத நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டது. நான்கு கதவு, நான்கு பலகை, நான்கு முத்திரை. ஆள் மட்டும் ஒன்றே ஒன்று. சுவர் எழுப்பியதிலேயே நிதி தீர்ந்துபோனதால், நான்குக்கும் ஒரே எழுத்தர். எழுத்தரான இளம்பெண்ணுக்கு நான்கு நிறத்தில் நான்கு கோட்டுகள் தரப்பட்டன.

"ஒரு ரூம்ல தெரிஞ்சது இன்னொரு ரூம்ல உனக்குத் தெரியக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார். ஆனா தலை ஒண்ணுதானே இருக்கு?"

தலை ஒன்றாக இருப்பது நிர்வாகக் குறைபாடுதான் என்று ஆணையர் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டு, அறைக்கு அறை மாறும்போது நடைபாதையில் நின்று மறப்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினார்.

ஊருக்கு இது பிடித்துப்போயிற்று. நாகரிகமானவர்கள் வீட்டுக்குள்ளேயே கோடு போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமனார், "உப்பு பொருளாதாரப் பக்கம் இருக்கும்மா, மனு குடு" என்றாராம் மருமகளிடம். அவளும் கொடுத்தாளாம். மறுநாள் உப்பு வந்ததாம்.

எழுத்தரும் கேட்டுச் சிரித்தாள், தன் கல்யாணம் வரும்வரை.

மாப்பிள்ளை கரண்டுக்காரர். சனிக்கிழமை வேறு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். கல்யாணச் சான்றிதழ் காட்டினால்தான் அங்கே வீடு. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் காரியம் முடிய வேண்டும். பதிவுக்கு அரசு அறை, விருந்துக்குப் பொருளாதார அறை, பாட்டுக்குப் பண்பாட்டு அறை, ஆசிக்குச் சமய அறை. நான்கிலும் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பேரு?"

"ஏய், விளையாடாத."

"இது சமய அறைங்க. விளையாட்டெல்லாம் பண்பாட்டு அறையில."

"நமக்குக் கல்யாணம்ங்கறதாவது ஞாபகம் இருக்கா?"

"அது அரசு அறைக்குத் தெரியும். இந்த அறைக்கு இன்னும் தகவல் வரல."

மற்ற மூன்று அறைகளுக்கும் இதில் சம்பந்தமில்லை என்று அந்த மூன்று அறைகளும் எழுதித் தந்தால்தான் எந்த அறையும் அனுமதி தரும். அவள் தனக்குத் தானே கடிதம் எழுதினாள். கோட்டு மாற்றி, மறந்து, பிரித்துப் படித்து, பதிலும் எழுதினாள்: "அப்படியோர் அறை இருப்பது இவ்வறைக்குத் தெரியாது."

வெள்ளிக்கிழமை காலை மதகுரு, பாட்டுக்காரர், சமையல்காரர் மூவரும் ஆளுக்கோர் அறையில் அனுமதிக்காகக் காத்திருந்தபோது, ஆணையர் ஒரு பேராபத்தைக் கண்டுபிடித்தார். கரண்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"சமயத்துல ஃபேன் போட்டா பொருளாதாரத்துல லைட் மினுக்குது! நாலுக்கும் ஒரே கம்பியா?"

"மெயின் ஒண்ணுதான் சார்."

"வெட்டிடுங்க."

"வெட்டினா நாலும் இருட்டாயிடும் சார்."

"இருட்டானா என்ன? தனித்தனியா இருட்டாகட்டும்."

வெட்டினார். கும்மிருட்டு. எல்லோரும் சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னல் வெளிச்சம் இருந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அது நடைபாதை. எழுத்தரும் வந்தாள், கையில் பதிவேடும் நான்கு முத்திரைகளுமாக. கோட்டுகள் இருட்டில் எங்கோ விழுந்துவிட்டன.

"இப்ப உனக்கு யாரைத் தெரியுது?" என்றார் கரண்டுக்காரர்.

அவள் சுற்றிப் பார்த்தாள். வெட்கத்தோடு, "எல்லாரையும்" என்றாள்.

அப்புறம் எல்லாம் ஐந்தே நிமிடம். மதகுரு ஆசி சொல்ல, பாட்டுக்காரர் பாட, சமையல்காரர் இனிப்புப் பாத்திரத்தைத் திறக்க, இருவரும் கையெழுத்திட்டார்கள். நான்கு முத்திரைகளும் அருகருகே விழுந்தன. பலகைகளை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

ஆணையர் வந்தார்.

"இது எங்க நடந்தது?"

"இங்கதான் சார், நடைபாதையில."

"நடைபாதை எந்தத் துறையிலயும் வராது. அதனால இது நடக்கவே இல்ல." பதிவேட்டுப் பக்கத்தைக் குறுக்காக அடித்தார்.

சமையல்காரருக்கு ஆத்திரம் வந்தது. "அநியாயம் சார்! நடைபாதைக்கும் ஒரு துறை வெச்சிட்டா செல்லும்ல?"

"ஆமா, வைங்க சார்!" என்றது கூட்டம். மதகுரு வழிமொழிந்தார். பாட்டுக்காரர் மெட்டுப் போட்டார்.

ஆணையரின் கண் கலங்கியது. மக்களே கேட்கிறார்கள்! பத்து நிமிடத்தில் பலகை வந்தது, மேசை வந்தது, சாம்பல் நிறத்தில் ஐந்தாவது கோட்டும் வந்தது. அதை எழுத்தரின் தோளில் அவரே போட்டுவிட்டார். "துறை பிறக்கறதுக்கு முன்னாடி நடந்த கல்யாணம் கணக்குல வராது. புதுசா மனு போடச் சொல்லும்மா."

கூட்டம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வரிசையானது. முதல் ஆள் சமையல்காரர். நடைபாதையில் நிற்பதற்கு அனுமதி வேண்டுமாம்.

கரண்டுக்காரர் மேசையருகே குனிந்தார். "நான்தான்…"

எழுத்தர் புதுப் பக்கத்தைப் புரட்டினாள். கோட்டின் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

"வரிசையில வாங்க."

அவர் இனிப்பு ஒட்டியிருந்த விரலைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டு வரை நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.