தாளத்துக்குப் பெண் பார்த்தவர்

அடுக்களையில் எந்த மூடி கீழே விழுந்தாலும், அந்த ஓசை சுழன்று சுழன்று அடங்கும்வரை எனக்குக் கிணிங் அண்ணன் ஞாபகம்தான். தருமபுரி மாவட்டத்தில் அவர் தட்டிப் பார்க்காத உலோகம் ரயில் தண்டவாளம் ஒன்றுதான். அதுவும் கேட்கீப்பர் துரத்தியதால்.

பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை தூக்குவார்; கூத்து நடந்தால் கைத்தாளம் போடுவார். உள்ளங்கையளவு வெண்கல வட்டுகள் இரண்டு. அவர் கணக்கில் புருஷன், பொஞ்சாதி. ஒரு மாசியில் பொஞ்சாதி விரிசல் விட்டுவிட்டாள். கூத்து வாத்தியார் கறாராகச் சொன்னார்: "திருவிழாக்குள்ள ஜோடி சேரலன்னா, ரிதம் பேடு வாசிக்கிறவன கூட்டியாந்துடுவேன்."

சேலம் கடையில் புது வட்டுகள் காட்டினார்களாம். "எல்லாம் டவுன் பொண்ணுங்க. நம்மாளுக்கு ஒத்துவராது" என்று திரும்பிவிட்டார்.

தனித்துப்போன வட்டுக்கு மஞ்சள் பூசி, துண்டில் சுற்றி, வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் படியேறினார். தாம்பாளம், இட்லித்தட்டு, குத்துவிளக்கு, எதையும் விடவில்லை. டீக்கடை பாய்லரைத் தட்டிவிட்டு, "கொரலு நல்லாத்தான் இருக்குது. ஒடம்புதான் ஜாஸ்தி" என்று பெருமூச்சு விட்டார்.

எங்கள் வீட்டில், என் மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த வெண்கல ரசச் சட்டியின் மூடியைக் குமிழ் பிடித்துத் தூக்கி, மாப்பிள்ளையால் மெல்லத் தொட்டார். கிணிங்! ஓசை ஜன்னல் வழியாகப் போய், தெருமுனை நாயை எழுப்பிவிட்டுத் திரும்பி வந்தது.

"தங்கச்சி, பொண்ணு புடிச்சிருக்குதும்மா."

"மாப்ளைக்கு வேல வெட்டி இருக்குதா?" என்றாள், ரசக் கரண்டியை இறக்காமல்.

"நீ குடுத்தாத்தாம்மா வேலையே."

"கூத்து முடிஞ்சதும் பொண்ணு பொறந்த வூட்டுக்கு வந்துடணும்."

கூத்தில் அரசன் போருக்குப் புறப்பட்டார். முன்வரிசையில் என் மனைவிக்கு அரசன் கண்ணில் படவே இல்லை. "மெல்ல அடிங்கண்ணா, விளிம்பு மடங்கிடும்!" என்று கத்தினாள். அண்ணன் பயந்து தாளத்தைத் தளர்த்த, போருக்குப் போன அரசன் ரேஷன் கடைக்குப் போகிறவர்போல நடந்தார். வாத்தியார் முறைத்த முறைப்பில், பேடு அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடும் போலிருந்தது. என் மனைவி எழுந்தாள். "சரி, அடிங்கண்ணா! நல்லா அடிங்க!"

அடித்தார். அரசன் பறந்தார். கிரீடம் தனியாகப் பறந்தது. வாத்தியார் அப்புறம் பேடு பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் அண்ணன் புளிபோட்டுத் துலக்கிய மூடியோடு வாசலில் நின்றார். கொடுத்துவிட்டு, ஒற்றை வட்டைத் துண்டில் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். என் மனைவி அந்தத் துண்டையே பார்த்திருந்துவிட்டு மூடியை அவரிடமே நீட்டினாள்.

"கூட்டிக்கினு போங்கண்ணா."

"ரசம் ஆறிப்போயிடுமேம்மா?"

"ஆறட்டும், போங்க."