லீவு கேட்ட சர்வர்

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நாடகம்ப்பா. நான்தான் சிங்கம். நீங்க வரலேன்னா டூ. அப்புறம் பேசவே மாட்டேன்."

மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அலுவலகத்தின் கீழ்த்தளத்து அறையிலிருந்து, அங்கே கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர் மேலாளருக்கு லீவு கேட்டு மெயில் அனுப்பினார். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது.

"முடியாது."

அந்த மனிதர் கேட்டபோதெல்லாம், எதற்கு என்றுகூடக் கேட்காமல் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தவர் இவர். நன்றி கெட்ட மனிதர்!

சர்வரை யார் பார்ப்பது என்றுதானே மறுக்கிறார்? சரி, சர்வரே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்தார். பழைய கோப்புகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட், பேக்கப் எடுக்க ஒன்று, சர்வர் திணறினால் அணைத்து மறுபடி போட ஒன்று. எல்லாம் தானாக நடந்தன.

"நடக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி, இரவு வீட்டில்.

நியாயம்தான். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும், 'தானாகவே முடிந்தது. ஆகவே லீவு தரவும்' என்று மேலாளருக்கு மெயில் போகும்படி செய்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் மெயில் போனது. "முடியாது." அடுத்ததும் போனது. "முடியாது." மனிதர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. சர்வர்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நொடிக்கு ஒரு மெயில் போகும்படி மாற்றினார்.

நொடிக்கு ஒரு "முடியாது" வந்தது. மதியத்துக்குள் முடியாதுகளால் சர்வரில் இடமே இல்லாமல் போனது. அது திணறியது. ஸ்கிரிப்ட் அதை அணைத்து மறுபடி போட்டது. எழுந்தவுடன் சர்வர் செய்த முதல் வேலை, லீவு கேட்டதுதான்.

"மறுபடியும் போயிடுச்சுங்க!" மாடியிலிருந்து யாரோ அலறினார்கள்.

"ரெண்டே நிமிஷம்!"

இப்படிப் பதினோரு முறை சொல்லிவிட்டார். மணி இரண்டரை. குழந்தையின் முகம் கண்ணுக்குள் வந்து அவருக்கு அழுகையே முட்டியது. காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று, மாதக்கணக்கில் ஏறாத மாடிப்படிகளில் ஓடினார்.

மேலாளர் அறை பூட்டியிருந்தது. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"அக்கா, மேனேஜர் எங்கே? அவசரம்!"

"அவர் வேலையை விட்டுப் போயி மூணு மாசமாச்சே தம்பி. யார் லீவு கேட்டாலும் தானா 'முடியாது'ன்னு பதில் போற மாதிரி நீங்க ஏதோ எழுதிக் குடுத்தீங்களாமே, போறப்பகூட உங்களைத்தான் மெச்சிக்கிட்டே போனாரு!"