திருச்செங்கோட்டு நாற்காலி

ஓய்வு பெறுவதற்குள் என் மனைவியைவிட ஒரு படியாவது மேலே போய்விட வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு. வாய் கொப்பளித்த பிறகும் அது மாறவில்லை.

நானும் தேவிப்ரியாவும் நாமக்கல்லில் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். இருவரும் துணை மாநில வரி அலுவலர்கள். நான் மாடியில், அவள் தரைத்தளத்தில். அதை வைத்து நான் மேலே இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். பணிமூப்புப் பட்டியலில் அவள் பெயர் எனக்கு ஒரு வரி மேலே இருந்தது. துறைத் தேர்வில் அவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். எனக்குச் சில தடவைகள் ஆயின. கணக்குத் தாள் கடினமாக வந்த வருடங்கள் அவை.

அடுத்த படி மாநில வரி அலுவலர். தனி அறை, கதவில் பெயர், துண்டு போர்த்திய சுழல் நாற்காலி. யார் மூத்தவர் என்று இரு தரப்பு வழக்குப் போட்டதில் பதவி உயர்வுப் பட்டியல் பல வருடம் நீதிமன்றத்தில் தூங்கியது. அந்த இடைவெளியில் தலை நரைத்தவர்கள் சாயம் பூசிப் பார்த்து, அலுத்து, விட்டுவிட்டார்கள். சிலர் செத்தும்போனார்கள். அவர்களுக்கு மாலை வாங்கிப் போனவன் நான். ஊழியர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் என்ற முறையில் அது என் பொறுப்பு. கறுப்புப் பட்டை அணிவதும் கோரிக்கை மனு எழுதுவதும்கூட என் பொறுப்புதான். எழுதுவது என்றால், நான் கூடத்தில் நடந்துகொண்டே சொல்வேன். தேவிப்ரியா எழுதுவாள்.

ஒருவழியாக வழக்கு முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரே காலியிடம், திருச்செங்கோடு. பேருந்தில் ஏறிக் கண்ணை மூடினால் வந்துவிடும். ஆனால் இந்த முறை பட்டியல் தேவிப்ரியாவின் பெயரோடு நின்றுவிடும் என்று தெரிந்தது. அவள் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த பெயர் உள்ளே வரும். அடுத்த பெயர் சென்னிமலை. அதாவது நான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் தொடங்கினேன்.

"உன்னைய ராமநாதபுரத்துக்குப் போடுவாங்க போலிருக்குது."

"அப்படிங்களா. திருச்செங்கோடு காலியா இருக்குதுன்னாங்க."

"அது வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சு." அந்த வேறு ஆளின் தட்டில்தான் அவள் தோசை வைத்துக்கொண்டிருந்தாள். "ராமநாதபுரத்துல தண்ணியெல்லாம் உப்பு. நடுராத்திரி ரோட்டுல நின்னு லாரிய மறிச்சுச் சோதனை போடோணும். உனக்கு முட்டிவலி வேற."

"நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா?"

"மூணு வருசத்துக்கு உன்னையக் கேக்க மாட்டாங்க. நிம்மதி."

"அப்ப உங்களுக்கு வருமுங்களா?"

"வந்தா வரும். நான் என்ன ஆசைப்பட்டுட்டா கெடக்கறேன்."

"உங்களைய ராமநாதபுரம் போட்டா என்னுங்க பண்றது?"

"செயலாளரைத் தொட மாட்டாங்க. பொறுப்புல இருக்கற வரைக்கும் இடமாற்றம் கெடையாது. எழுதாத சட்டம் அது."

"இருக்கற வரைக்கும்," என்றாள்.

"ஆமா."

"சட்னி போதுமுங்களா?"

மறுநாள் காலை என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்குச் சிறிது வருத்தமாகக்கூட இருந்தது. மாலையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிப் போனேன். அதை அவள் முருகன் படத்துக்குச் சாத்தினாள்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. எந்த ஊர் என்பது மட்டும் பின்னால் வரும் என்றார்கள். அந்த வாரமே ஜேடர்பாளையம் அணைக்கட்டுப் பூங்காவில் சங்கத்தின் பொதுக்குழு. எனக்குச் சால்வை போட்டார்கள். ஏற்புரையை நான் முடிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தபோது, தலைவர் குமாரசாமி என் பக்கமாகச் சாய்ந்தார்.

"சென்னிமலை, செயலாளர் பொறுப்ப இன்னைக்கே ஒப்படைச்சிருங்க."

"எதுக்குங்க?"

"மேல போனவங்க உறுப்பினரா இருக்கலாம். பொறுப்புல இருக்கக்கூடாது. நம்ம விதிதானுங்களே."

விதி எனக்குத் தெரியும். அது எனக்கும் பொருந்தும் என்பதுதான் தோன்றாமல் இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் மீன் வறுவல் வாங்கப் போயிருந்தார்கள். யோசிக்க நேரம் குறைவு. பதவி உயர்வு பெற்றவர்களிலும் இடமாற்றம் கேட்பவர்களிலும் யாரை எந்த ஊருக்குப் போடலாம் என்று செயலாளர் பரிந்துரை கொடுப்பது எங்கள் வழக்கம். மேலிடம் பெரும்பாலும் அதைத் தட்டாது. ஆகவே பொறுப்பு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஒலிபெருக்கியைப் பிடித்து, தேவிப்ரியாவின் பெயரை நானே முன்மொழிந்தேன்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்," என்றாள் அவள். எல்லோரும் கை தட்டினார்கள். "எனக்கெதுக்குங்க," என்று இன்னொரு தடவை சொன்னபோது ஒலிபெருக்கி அவள் கையில் இருந்தது.

அடுத்த வாரம் ஊர்கள் வந்தன. திருச்செங்கோடு, ராமநாதபுரத்தில் அலுவலராக இருந்த மணிமாறனுக்கு. ராமநாதபுரம் எனக்கு.

சமையலறைக்குப் போனேன். அவள் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"திருச்செங்கோட்டுக்குச் சங்கத்துல யாரைச் சொன்னே?"

"மணிமாறனைத்தானுங்க."

"என்னையச் சொல்லலையா?"

"அவரு எத்தனையோ வருசமா ராமநாதபுரத்துல ஒத்தையில கெடக்கறாரு. சம்சாரமும் புள்ளைகளும் பள்ளிபாளையத்துல. வெளியூருல நெடுநாள் இருக்கறவங்களுக்குத்தான் முதலிடம்னு நீங்கதான வருசா வருசம் எழுத வெச்சீங்க. எனக்கு மனப்பாடமே ஆயிப்போச்சு."

"அது மனுவுக்காகச் சொன்னது."

"அது எனக்குத் தெரியாமப் போச்சுங்களே."

"அப்ப நானும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்."

"குடுங்க. பேப்பர் எடுத்தாரட்டுங்களா?"

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தும் வந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் பட்டியலில் மறுபடியும் அவளுக்கு ஒரு வரி கீழே. செயலாளர் பொறுப்பும் கிடையாது. வாசலில் அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் நாற்காலி எடுத்துப் போட வேண்டும்.

"பெட்டி எங்க இருக்குது?" என்றேன்.

"துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேனுங்க. போர்வை மட்டும் மேல கெடக்குது."

பேருந்து நிலையம் வரை வந்தாள். அவள்தான் வண்டி ஓட்டினாள். நான் பின்னால் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேருந்து புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"என் பேருக்கு அடுத்த பேரு யாருதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா. கேட்டிருந்தா நானே உட்டுக் குடுத்திருப்பேனுங்க. முட்டிவலின்னு சொன்னீங்க பாருங்க."

பேருந்து கிளம்பிவிட்டது. நான் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்தில் எனக்குத் தனி அறை இருக்கிறது. கதவில் பெயர் இருக்கிறது. நாற்காலி சுழல்கிறது. நான் அதிகாரி ஆகிவிட்டதைப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இந்த ஊரில் இல்லை. மாலையில் தங்கியிருக்கும் வாடகை அறைக்குத் திரும்பி, உப்புத் தண்ணீரில் சட்டையை அலசிக் கொடியில் போடுகிறேன். காய்ந்ததும் அது அட்டை மாதிரி நிற்கிறது. நாமக்கல்லில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் எங்கள் வீட்டில்தான் நடக்கின்றனவாம். இப்போது குமாரசாமி டீ போடுகிறாராம்.

சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் போன் செய்தேன்.

"சொல்லுங்க சார்," என்றாள். பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

"என்னைய அந்தப் பக்கம் மாத்தித் தரச்சொல்லிச் சங்கத்து மூலமா ஒரு மனு போடோணும்."

"உங்க பேரு சேத்தாச்சுங்க."

"எத்தனாவது?"

"கடைசியிலங்க."

"தேவி, நான் உன் புருசன்."

"அதனாலதானுங்க கடைசியில. முன்னால போட்டா நாளைக்கு நாலு பேரு என்னையக் கேள்வி கேப்பாங்க."

"அப்ப என் முறை எப்பத்தான் வரும்?"

அவள் யாரையோ உட்காரச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கவலப்படாதீங்க மாமா. அதுக்குள்ள ரிட்டயர்டு ஆகி நீங்களே வந்துருவீங்க."